குடியியற் பாடமும் குடியற்றோர் வரலாறும்

பாடசாலைகளில் குடியியற் கல்வி என்னும் பெயரால் நடைபெறுவது யாது என்று எவரேனும் நம்மை வினவுவாராயின், தயக்கமின்றி விடையளிப்போம்: மனனம். அரசியலமைப்பு என்றால் என்ன? நாட்டின் அதியுயர் சட்டம். சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட ஆண்டு யாது? 1931. அடிப்படை உரிமைகள் அரசியலமைப்பின் எவ்வத்தியாயத்திற் கூறப்பட்டுள்ளன? மூன்றாம் அத்தியாயத்தில். அவை மீறப்பட்டால் எங்கு முறையிடலாம்? உயர் நீதிமன்றத்தில். வினா முடிகிறது, விடை முடிகிறது, புள்ளி கிடைக்கிறது. புள்ளி பெற்ற பிள்ளை அப்புத்தளைக் கடைத்தெருவைக் கடந்து, கோச்சிப் பாதையைக் குறுக்கிட்டு, மூன்று கட்டை தூரம் தேயிலைக்குள் நடந்து தன் லயத்தை அடைகிறது. பாடத்திற் படித்த நாடும் தான் நடந்து சென்ற மலையும் ஒன்றுதானா என்ற ஐயம் அப்பிள்ளைக்கு எழுவதேயில்லை. எழாதவாறு நடத்துவதே நல்ல கற்பித்தல் என்று கருதப்படுகிறது.

இதைக் குறையென்று எடுத்துரைத்தால், மேலிருந்து வரும் விடை எப்போதும் ஒன்றே: அரசியலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள். அரசியலமைப்பை அரசியலின்றிக் கற்பிப்பது எங்ஙனம் என்பதை இப்படிச் சொல்வோர் ஒருநாளேனும் விளக்கியதில்லை. கொழுந்தில்லாமல் தேயிலைத் தூள் ஆக்கும் தொழிற்சாலை எதுவும் இவ்வூரில் இல்லை. இரண்டாவதாக ஒரு விடையும் உண்டு. அது சற்று இனிமையானது. ஆகவே அதிகம் ஆபத்தானது. “பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்துபோன விஷயம். இன்றைய பிள்ளைகள் எல்லோரும் பிரஜைகள். பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?” என்பது அது. இவ்விரண்டாம் விடையை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் 1931ஐ எடுத்துக்கொள்வோம். ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு என்ற பெருமை நமது நாட்டுக்கு உண்டு. அது பொய்யன்று, பெருமைப்படத்தக்கதே. ஆயினும் ‘சர்வசனம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிய சனம் எது? டொனமூர் ஆணைக்குழு எளிய வதிவிட நிபந்தனையோடு வாக்குரிமையை விரிக்க விரும்பியது. தோட்டத் தொழிலாளருக்கும் அது கிட்டிவிடும் என்று கண்டதும், நம் நாட்டுத் தலைவர்கள் பலர் அஞ்சினர். இறுதியில் இந்திய வம்சாவளித் தொழிலாளி ஒருவர் வாக்காளராவதற்கு, இந்நாட்டையே தம் நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர் என்று நிறுவ வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தும் காட்ட வேண்டும். அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1937இல் கிராமச் சபைத் தேர்தல்களிலும் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. ஆகவே ‘1931’ என்று எழுதிப் புள்ளி பெறும் தோட்டத்துப் பிள்ளை, தன் பாட்டனின் பாட்டன் வாசலில் நிறுத்தப்பட்ட ஆண்டையும் சேர்த்தே எழுதுகிறது. அதை அப்பிள்ளை அறிய வேண்டாமா?

அடுத்து 1948. பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முந்திய ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் வெற்றி பெற்றிருந்தனர், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றிருந்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் தோட்டத்து வாக்குகள் துணைசெய்திருந்தன. டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் இதைக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்று நம்புவதற்கு அரசியலில் மிகுந்த வெள்ளை மனம் வேண்டும்.

சட்டம் என்ன கேட்டது? ஒருவர் இலங்கையிற் பிறந்தார் என்பது போதாது. அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எழுதவும் வாசிக்கவும் வாய்ப்பளிக்கப்படாத தலைமுறைகளிடம், காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களிடம், பிறப்புப் பதிவுக்காக வேலையை விட்டு நகரத்துக்குப் போனால் அன்றைய பேரை இழந்தவர்களிடம், தந்தையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டது. கண்டியிலோ காலியிலோ பிறந்த எத்தனை அமைச்சர்கள் தம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை மேசைமேல் வைத்திருக்க முடியும்? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது இச்சட்டத்துக்கு ஒரு பொருட்டாகவேயில்லை. நாளெல்லாம் கூடை சுமந்து இந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டிய பெண்ணால் தன் பிள்ளைக்கு நாட்டை வழங்க முடியாது! முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளைக்குத் தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று இந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது 2003இலேதான்.

1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்ததாகக் கூறியது: 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வதிந்திருக்க வேண்டும், வருமானம் காட்ட வேண்டும், இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பங்களில் அடங்கினர். பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதோர் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழிசெய்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளியின் குரல் பாராளுமன்றத்தில் இல்லை. அவ்வாண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸார் பிரதமர் காரியாலயத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தனர். குரல் பாராளுமன்றத்திலிருந்து தெருவுக்கு வந்தது.

உலகத்தையும் ஒருகணம் நோக்குவோம். 1948 நவம்பர் 15இல் நமது சட்டம். அதிலிருந்து இருபத்தைந்தாம் நாள், டிசம்பர் 10இல், பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினம் உண்டு, அதை எவரும் தான்தோன்றித்தனமாகப் பறித்தல் தகாது என்று அதன் 15ஆம் உறுப்புரை கூறுகிறது. இவ்விரு திகதிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு ஆசிரியர் வாய் திறவாமல் நின்றாலும் போதும். வகுப்பு தானே பேசும். அதே 1948இலேதான் தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சம் பதைத்த நம் கனவான்கள், சொந்த நாட்டு மலைகளில் நடந்ததை நிர்வாகச் சீர்திருத்தம் என்றனர்.

“அரசியலமைப்பு இருந்ததே, அது காக்கவில்லையா?” என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டும். குடியியற் பாடத்தின் உயிர்நாடியான கேள்வி இதுதான். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு இல்லாத தடையை மற்றொரு சமூகத்தவருக்கு விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயர் சேர்க்கப்பட வேண்டும் என்று வழக்காடினார் கோடாக்கன்பிள்ளை என்பவர். திருத்தும் அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், புதிய சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கண்டு, அவர் பக்கம் தீர்ப்பளித்தார். பதிவதிகாரி முதனாயக்கா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அதையே உறுதி செய்தது. இச்சட்டங்கள் ஒரு சமூகத்தைப் பற்றியவை அல்ல, பிரஜாவுரிமையின் தகைமையைப் பற்றியவை. தன் நாட்டவர் யாவர் என்று வகுத்துக்கொள்வது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் தகைமை பெறும் வழியையும் காட்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட நியாயம். தராசின் ஒரு தட்டில் கல்லை ஒட்டிவைத்துவிட்டு, முள் எந்தக் கொழுந்துக்காரியையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லையே என்று கூறுவது போன்றது இது. அரசியலமைப்பில் ஒரு வாக்கியம் இருப்பது வேறு, அவ்வாக்கியம் ஒரு மனிதனைக் காப்பது வேறு. இதைச் சொல்லாமல் அடிப்படை உரிமை அத்தியாயத்தை மனனம் செய்விப்பது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். அதே சமயம், ருவான்வெல்லைத் தோட்டப்புறத்திலிருந்து இலண்டன்வரை சென்று வழக்காடிய ஒரு மனிதர் இருந்தார் என்பதையும், சட்டத்தை அரசாங்கத்தின் கண்ணால் மட்டும் வாசிக்காத ஒரு அதிகாரி இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடுவது அதனினும் பெரிய ஏமாற்று.

இவ்விடத்தில் நம் பக்கத்தாரைப் பற்றியும் பேசியாக வேண்டும். இவ்வேட்டை வாசிப்போர் பெரும்பாலும் இடதுசாரி நண்பர்கள். 1948இலும் 1949இலும் பாராளுமன்றத்தில் இச்சட்டங்களை எதிர்த்துப் பேசிய இடதுசாரித் தலைவர்களை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் அமர்ந்ததையும், அதன் விளைவாகச் செல்வநாயகம் பிரிந்து சென்றதையும் நம்மவர் மேடைதோறும் சொல்வர். ஆனால் 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அவ்வரசாங்கத்தின் நிதியமைச்சர் யார்? கலாநிதி என். எம். பெரேரா. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொருநாள் பார்த்துக்கொள்வோம் என்று இரு தலைநகரங்கள் பங்கு பிரித்தன. அப்பின்னொருநாள் 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதி என்று 75,000 ஆகப் பகுத்தனர். பகுக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் கிழிந்தன. தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேரிட்டனர். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பை வரைவதில் முதன்மை வகித்தவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. பழைய 29ஆம் பிரிவு, எத்துணை மெலிந்ததாயினும், அதில் இடம்பெறவில்லை. வர்க்கத்தைப் பற்றி நாள்தோறும் பேசிய கட்சிகள், இந்நாட்டின் மிகப் பெரிய தொழிலாள வர்க்கத்தினரை எண்களாகப் பேரம்பேசிய அமைச்சரவையில் இருந்தன என்பது வரலாறு. மாணவருக்கு இதை மறைத்துக் கற்பிக்கும் இடதுசாரி ஆசிரியர், பிற்போக்காளரின் பாடநூலைச் சிவப்பு அட்டை போட்டுக் கொடுக்கிறார், அவ்வளவே.

இனி 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கு வருவோம். இன்றும் நடைமுறையிலுள்ளது அதுவே. அதன் 12ஆம் உறுப்புரையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒரு சொல்லை மட்டும் கவனிக்கச் சொல்ல வேண்டும். முதற் பந்தி ‘ஆட்கள்’ எல்லோரும் சட்டத்தின்முன் சமமானவர் என்கிறது. இரண்டாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களுக்காக எந்தப் ‘பிரஜை’க்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 14ஆம் உறுப்புரை, பேச்சு, கூட்டம், சங்கம், தொழில், நடமாட்டம் ஆகிய சுதந்திரங்களைப் ‘பிரஜை’ ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. ஆள் வேறு, பிரஜை வேறு! காலைப் பிரட்டில் “இன்றைக்கு எத்தனை ஆள்?” என்று கேட்டுத் துண்டில் எழுதும் வழக்கத்தை அறிந்த பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை விளக்க விரிவுரையாளர் வேண்டியதில்லை. இரண்டு நூற்றாண்டாக இம்மலையில் நாம் ஆளாக எண்ணப்பட்டோம். பிரஜையாக எண்ணப்படவே போராட்டம்.

14ஆம் உறுப்புரைக்கு இரண்டாவது பந்தியொன்று உண்டு. அதைப் பலர் வாசிப்பதில்லை. வேறெந்த நாட்டினதும் பிரஜையாக அல்லாமல், அரசியலமைப்பு தொடங்குமுன்பே இங்கு சட்டப்படி நிரந்தரமாக வதிந்தவருக்கு, முதற் பந்தியிற் கூறிய உரிமைகள் தொடக்க நாளிலிருந்து பத்தாண்டு காலத்துக்கு உரியனவாகும் என்பது அப்பந்தியின் பொருள். பத்தாண்டு! அரசியலமைப்பு 1978 செப்டெம்பர் 7இல் தொடங்கியது. ஆகவே நாடற்றவரின் பேச்சுச் சுதந்திரம் 1988 செப்டெம்பரில் காலாவதியாகும். தகரத்தில் அடைத்த மீனுக்குத் திகதியிடுவது போல மனிதரின் நாவுக்குத் திகதியிட்டனர். அடிப்படை உரிமை மனிதனுடன் பிறப்பது என்று முதற் பாடத்தில் சொல்லிவிட்டு இப்பந்தியை மறைத்தால், அம்முதற் பாடமே பொய்யாகிவிடும். 1988இல் தனிச் சட்டமொன்றினாலும், எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலும் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது உண்மை. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளும் உண்மையே. 26ஆம் உறுப்புரை, வம்சாவளியால் வந்த பிரஜைக்கும் பதிவினால் வந்த பிரஜைக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை, எல்லோரும் ‘இலங்கைப் பிரஜை’ என்றே அழைக்கப்படுவர் என்று கூறுகிறது. நல்ல வாசகம். இவ்வாசகத்தைத் தன் கையிற் பிடித்துக்கொண்டு காரியாலயங்களின் முன் நிமிர்ந்து நிற்கும் பிள்ளையை உருவாக்குவதற்கே, அவ்வாசகம் எத்தனை பேரின் கண்ணீருக்குப் பின் பொருள் பெற்றது என்பதைக் கற்பிக்க வேண்டும் என்கிறோம். புண்ணைக் கிளறுவது நோக்கமன்று. தழும்பு எவ்வாறு வந்தது என்று தெரியாதவன் மறுமுறையும் அதே கத்தியருகே நிற்பான்.

இதைச் சொல்லும்போது சிலர் வேறொரு வழியால் வருகின்றனர். உரிமைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, கடமைகள் எங்கே என்கின்றனர். கடமை! வரி செலுத்துதல், சட்டத்தை மதித்தல், பொதுச் சொத்தைப் பேணுதல் என்று நீளும் பட்டியலை நாமும் கற்பிக்கிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குக் கடமையைப் பற்றிப் போதிக்க முற்படுபவர் முதலில் ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து, அட்டைக் கடியோடு நிரையில் நின்று பார்க்கட்டும். கடமை என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு சமூகத்தின் பிள்ளைக்குக் கடமையை அழுத்தியும் உரிமையை மெலிதாகவும் சொல்லிக்கொடுப்பது கல்வியன்று. பழைய கங்காணியின் வேலை. மாணவர் பாராளுமன்றம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. வேட்புமனு, வாக்குச்சீட்டு, சபாநாயகர், அமைச்சர் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. நாம் அதை ஏளனம் செய்யவில்லை. ஆயினும் மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றினால், அத்தீர்மானத்துக்கு எழுத்தில் பதில் தரும் கடமை எவருக்கும் இல்லை. பதில் சொல்லக் கடமைப்படாத அரசாங்கத்தைப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே பழக்கிவிடுகிறோம்.

அப்படியாயின் எங்கிருந்து தொடங்குவது? கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்கலாம் என்பது நம் கருத்து. தராசு யார் கையில் இருக்கிறது? ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் நிறையை யார் தீர்மானிக்கிறார்? குறிப்பிட்ட நிறைக்குக் குறைந்தால் முழுப் பேர் அரைப்பேராகிறது. அதை எதிர்த்து யாரிடம் முறையிடலாம்? முறையீட்டை விசாரிப்பவரும் தராசு பிடித்தவரும் ஒருவரேயானால் அதை நீதி என்று சொல்லலாமா? இந்நான்கு கேள்விகளையும் எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சட்டத்தின் ஆட்சி, அதிகார வேறாக்கம், தன் வழக்கில் தானே நீதிபதியாதல் தகாது என்னும் கோட்பாடு ஆகிய அனைத்தும் அரைமணி நேரத்தில் வந்துசேரும். மொன்டெஸ்கியுவின் பெயரைப் பிறகு சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஊவாவின் வரலாற்றிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான பின், வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர், தாமே தெரிவுசெய்த சபையொன்றை அமைத்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே நிர்வாகம் செய்வதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். நெடுநாள் நீடிக்கவில்லை, நீடிக்க விடப்படவுமில்லை. ஆயினும் வாக்குரிமைக்குத் தகுதியற்றவர் என்று இகழப்பட்ட மக்கள், ஆளப்படுவோரின் சம்மதமே ஆட்சியின் அடிப்படை என்பதைப் பாடநூலின்றிக் கண்டறிந்தனர். அதற்கு மூன்றாண்டுக்கு முன், தொழிலாளர் பக்கம் சாய்ந்த பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை நாடு கடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் ஆணையிட்டபோது, உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்று அவரை விடுவித்தது. தேசாதிபதியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று காட்டிய வழக்கு அது. (வெள்ளைத் தோலுள்ள ஒருவருக்கு விரைவில் கிடைத்த நீதி கோடாக்கன்பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டால், ஆசிரியர் மகிழ வேண்டும்.) அப்புத்தளைக்கு வருவோர் லிப்டன் அமர்ந்த குன்றையும், வில்லியர்ஸ் துரை கட்டிய அடிசம் மாளிகையையும் பார்த்துச் செல்கின்றனர். வெவஸ்ஸவில் சபை கூடிய இடத்தைக் காட்டும் பலகை ஏதும் நாம் கண்டதில்லை.

இன்றைய நாளுக்கு வருவோம். 14ஆம் உறுப்புரையின் முதற் பந்தியில், இலங்கைக்குள் நடமாடவும் தன் வதிவிடத்தைத் தெரிவுசெய்யவும் பிரஜைக்குச் சுதந்திரம் உண்டு என்று காணப்படுகிறது. 2014 அக்டோபர் 29 காலை, நமக்கு அடுத்த அல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான சரிவு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அம்மக்கள் ஏன் வேறிடம் செல்லவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டனர். எங்கே செல்வது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயம் நின்ற நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரையும் இல்லை. வதிவிடத்தைத் தெரிவுசெய்யும் சுதந்திரம், ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவருக்கு எத்தகைய சுதந்திரம்? உணவு, உடை, உறையுள் ஆகியவற்றைப் பற்றியும், கல்வியில் சமவாய்ப்பைப் பற்றியும் அரசியலமைப்பு 27ஆம் உறுப்புரையில் அழகாகப் பேசுகிறது. உடனே 29ஆம் உறுப்புரையில், இவை எவருக்கும் சட்ட உரிமை எதையும் வழங்கா, எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தப்படா என்று கைகழுவுகிறது. முதலாவதைப் பாடமாக்குவோர் இரண்டாவதையும் பாடமாக்கட்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பாதையும் தண்ணீரும் அமைத்துக்கொடுக்க, அம்மக்களின் வாக்கால் அமைந்த பிரதேச சபைக்கே, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முட்டுக்கட்டையாயிருந்தது. அதைத் திருத்துவதற்கு 2018வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம். வாய்க்கால் வெட்ட வரலாகாது!

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்து வீடு பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வருகிறது. அங்கிருந்து எவரேனும் எடுத்துவந்தால் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் நீதிமன்ற அழைப்பாணையும் இவ்வழியேதான் வந்தாக வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அம்மாதத்தில் எத்தனை நாள் காரியாலய மேசையிலேயே கழிகிறது? அவ்வொரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது என்பதையும், அவ்வாணைக்குழுவுக்குப் பதுளையிலேயே பிராந்தியக் காரியாலயம் உண்டு என்பதையும் நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அப்புத்தளை முதலிய பிரதேச செயலாளர் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் எழுதிக் கொடுத்துத் தமிழில் பதில் பெறுவது இங்கு சலுகையன்று. இருந்தும், சிங்களப் படிவத்தை நிரப்ப யாரேனும் கிடைப்பாரா என்று வாசலில் காத்துநிற்கும் தாய்மாரைக் காண்கிறோம்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் முன்வைப்பது பெரிய புரட்சித் திட்டமன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், தகவல் கோரும் உரிமையைப் பிரஜை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. வயதெல்லை எதையும் கூறவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையும் பிரஜைதான். அதன் பூட்டன் அப்படியிருக்கவில்லை. இத்தவணையில் ஒரு வகுப்பு, தன் தோட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட வீட்டுத் திட்டம் எந்நிலையில் உள்ளது, பாடசாலைக்குச் செல்லும் பாதைக்குப் பிரதேச சபை எவ்வளவு பணம் ஒதுக்கியது என்ற இரண்டு கேள்விகளைத் தமிழில் எழுதி, தகவல் அதிகாரிக்கு அனுப்பட்டும். பதில் முகவரியாகப் பாடசாலையையே கொடுக்கட்டும். விண்ணப்பம் கிடைத்தமைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி, வகுப்பறைச் சுவரில் ஒட்டட்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். சனி ஞாயிறையும் போயா நாளையும் கழித்து, அப்பதினான்கு நாளையும் பிள்ளைகளே எண்ணட்டும்.